மரத்துப்போனதற்கு மாஸ்டர் வைத்த பெயர்

இதை எழுதும் இந்த மாசி மாதத்தில், பேனா கையில் இருப்பது என் கட்டை விரலுக்குத் தெரிகிறது. அது வழவழப்பா சொரசொரப்பா என்று கேட்டால் சொல்ல முடியாது. இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. போன ஆடியில் அதுவும் இல்லை. பேனா தரையில் விழுந்த சத்தத்தைக் கேட்டுத்தான் அது விழுந்ததை அறிவேன்.

என் பெயர் குணசேகரன். ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் வேலை. வெளிநாட்டு வியாபாரி படம் அனுப்புவான். அதைப் பார்த்து முதல் ஜோடியைச் செய்து காட்டுவது எங்கள் பிரிவு. தோலைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒருமுறை நகர்த்தினால் அதன் கனத்தைச் சொல்லிவிடுவேன். நம்பாதவர்கள் கருவி வைத்து அளந்துவிட்டுச் சிரிப்பார்கள். என் பிழைப்பு அந்த இரண்டு விரல்களில் இருந்தது. நான் இழக்க இருந்ததும் அதைத்தான்.

வேலை போக மீதி நேரத்தில் படிப்பேன், எழுதிவைப்பேன். பாலாற்றில் கரை தொட்டுத் தண்ணீர் வந்தது எந்த வருஷம், எந்தத் தியேட்டர் எப்போது கல்யாண மண்டபம் ஆனது என்றெல்லாம் யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். கம்பெனியில் எனக்குத் 'தேதி சேகர்' என்று பெயர். அப்படிப்பட்டவன், தன் நோய் எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டபோது தப்பான மாதத்தைச் சொன்னான் என்பதை என் நண்பர்கள் இன்னும் நம்பவில்லை.

இதை நடுநிலையாக எழுத முயன்று பார்த்தேன். வரவில்லை. கோபம் இருக்கிறது. மறைக்கும் உத்தேசமும் இல்லை.

பொங்கல் லீவு முடிந்து போனபோது சாம்பிள் ரூமில் ஏசி போட்டிருந்தார்கள். பார்வையிட வரும் வெளிநாட்டுக்காரர்கள் வியர்க்காமல் உட்கார வேண்டுமாம். குளிர் வெளியே போகக் கூடாது என்று ஜன்னல்களைக் கண்ணாடி வைத்து அடைத்து, ஓரமெல்லாம் பசை பூசி மூடிவிட்டார்கள். காற்றை வெளியே தள்ளும் ஃபேன் இருந்த ஓட்டையிலும் பலகை அடித்தாகிவிட்டது. அந்த ரூமின் நடுவில் ஒரு நீள மேஜை உண்டு. அதைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து தோலுக்குச் சொல்யூஷன் தடவி, மடித்து ஒட்டுவார்கள்; பேஸ்டிங் என்போம். சொல்யூஷன் என்றால் ஷூவுக்கான பசை. தகர டப்பாவில் வரும்; இறுகினால் தின்னர் ஊற்றி இளக்குவோம். அதே மேஜையின் கடைசியில் என் இடம். மேஜைக்குப் பொறுப்பாளர் நஸீமா. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். வேலையில் கெட்டிக்காரி, வாயிலும்.

"இன்னா சேகரண்ணே, ஊட்டி நம்ம ரூமுக்கே வந்துட்ச்சு! இனிமே லீவே வேணாம்" என்றாள் முதல் நாள். எல்லோரும் சிரித்தோம். வருஷக்கணக்காக மின்விசிறிக்கும் வெக்கைக்கும் நடுவில் வெந்தவர்கள் நாங்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. மாலையில் தலை கொஞ்சம் கனத்தது. அதை ஏசி சேரவில்லை என்று சொல்லிக்கொண்டோம்.

அந்த மாசியில் மாஸ்டர் வந்தார்.

ரகுராம் என்று பெயர். தோல் ஏற்றுமதி வேலையாகச் சில வருஷம் சீனாவில் இருந்தவர். அங்கே காலை நேரத்தில் பூங்காவில் முதியவர்களோடு நின்று கற்றுக்கொண்டாராம். தொழிலாளர்களின் மன அமைதிக்கு என்று நிர்வாகம் ஷிப்ட் முடிந்த பிறகு கேண்டீன் ஹாலை அவருக்குக் கொடுத்தது. வெள்ளைச் சட்டை, தொளதொளப்பான கால்சட்டை, மெல்லிய குரல். உடம்புக்குள் ஒரு சக்தி ஓடுகிறது, அதை உணரப் பழகினால் நோய் அண்டாது, அதற்குச் சீனர்கள் வைத்த பெயர் 'சீ' என்றார்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. கட்டிங் பிரிவிலிருந்து ஒரு குரல், "இன்னா சார், சீன்னு சொல்லிட்டு உள்ள வெச்சிக்கச் சொல்றீங்க?" என்றது. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி வாணி தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "பேர்லயே இருக்குது. அப்புறம் எதுக்குப் போறீங்க?"

அடுத்த வகுப்பில் மாஸ்டர் பெயரை மாற்றிவிட்டார். இனிமேல் அது 'ஓட்டம்'. நல்ல தமிழ்ச் சொல். யாரும் சிரிக்கவில்லை.

நான் எதற்குப் போனேன் என்று கேட்பீர்கள். படித்தவன் என்பதால்தான் போனேன். சீன தேசத்தின் பழைய சிந்தனைகளைப் பற்றி மொழிபெயர்ப்பில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். மூச்சு, நீராவி, காற்று, உயிர் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் குறிக்கும் அழகு எனக்குப் பிடித்திருந்தது. அந்த அழகுக்கும் ஆம்பூர் கேண்டீனில் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ஆஸ்பத்திரி தேவைப்பட்டது. மெதுவாகக் கைகால் அசைத்து நிற்பதால் தோள்பட்டை இளகும், தூக்கம் வரும். அதோடு எனக்குச் சண்டை இல்லை. பூங்காவில் நிற்கும் சீனக் கிழவருக்குக் கால் மரத்தால் அவரும் டாக்டரைத்தான் பார்ப்பார்.

முதல் பாடம் உள்ளங்கை. இரண்டையும் சூடாகத் தேய்த்து, ஒரு எலுமிச்சம்பழம் பிடிப்பதுபோல் இடைவெளி விட்டு, கண்ணை மூடிக் கவனிக்க வேண்டும். ஏதோ அழுத்தம் தெரியும், குறுகுறுக்கும். நீங்களும் செய்து பாருங்கள், வரும். தேய்த்த தோலில் ரத்தம் ஏறும், விரல் நுனியில் நாடி அடிக்கும். உற்றுக் கவனித்தால் எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் அதை "ஓட்டத்தின் முதல் கதவு" என்றார்.

இரண்டாவது பாடம் நிற்பது. முழங்காலைச் சற்று மடித்து, கையை ஒரு பானையை அணைப்பதுபோல் வைத்து, அசையாமல் நிற்க வேண்டும். "மரம் மாதிரி நில்லுங்க. பூமியிலேர்ந்து ஓட்டம் ஏறும்" என்பார். பங்குனியில் ஒரு நாள் என் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் தொடங்கியது. பக்கத்து வரிசையில் நஸீமாவுக்கும்.

"சார், கால் மரத்துப்போவுது" என்றாள் அவள்.

மாஸ்டர் கையை உயர்த்தி வகுப்பையே நிறுத்தினார். "அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கம்மா. வார்த்தைதான் உடம்பைக் கெடுக்குது. மரத்துப்போகல, நீங்க மரமா ஆயிருக்கீங்க. ஓட்டம் வந்திருக்கு. எங்க, சொல்லுங்க."

"ஓட்டம் வந்திருக்கு சார்."

எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. நானும்தான். வெறும் வாய்க்கட்டுப்பாடு என்று நினைக்காதீர்கள். ஒரு சொல்லை விலக்கினால் அது குறிக்கும் பொருளும் கண்ணில் படாமல் போகிறது.

வகுப்பில் முன்னேறியவர்கள், தேங்கியவர்கள் என்று இரண்டு பிரிவு உண்டானது. கணக்குப் பிரிவுக்காரர்களுக்கு உள்ளங்கைக்கு மேல் ஒன்றும் வரவில்லை. மனிதவள மேனேஜர் வியர்க்க வியர்க்க நின்று பார்த்தார். அவருக்கு "அடைப்பு ஜாஸ்தி" என்றார் மாஸ்டர். எங்கள் மேஜைக்காரர்களோ வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனார்கள். கணுக்கால், கெண்டைக்கால், பிறகு விரல்கள். "உழைக்கறவங்க உடம்பு திறந்திருக்கும்" என்று மாஸ்டர் எங்களைக் காட்டிப் பேசினார். நஸீமாவை லீடர் ஆக்கினார். எங்களுக்கு எவ்வளவு பெருமை!

சித்திரையில் நஸீமா தன் ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "சேகரண்ணே, இது பேஜார் பண்ணுது. நடக்கறப்ப கழண்டுக்குது. பின்னாடி ஒரு பட்டை வெச்சுக் குடுங்களேன்."

கழிவு லைனிங் தோலில் ஒரு பட்டை வெட்டி, குதிகாலைச் சுற்றி வரும்படி எலாஸ்டிக் கோத்துத் தைத்துக் கொடுத்தேன். அழகாக வந்தது. மறுநாள் மேஜையில் இன்னொருத்தி கேட்டாள். பிறகு இன்னொருத்தி. கொஞ்ச நாளில் அந்த மேஜை முழுக்கப் பட்டை வைத்த செருப்பு. 'பேஸ்டிங் மாடல்' என்று பேரே வைத்துவிட்டார்கள். எனக்கும் ஒன்று செய்துகொண்டேன். என் செருப்பும் கழன்றுகொண்டுதான் இருந்தது.

நாங்கள் செருப்புக்காரர்கள். கழன்றால் செருப்பைத்தான் சந்தேகப்படுவோம்.

ஆனியில் கம்பெனிப் படிக்கட்டில் விழுந்தேன். பிறகு வீட்டு வாசலில். முட்டி மடங்கியது. ஊரில் ஒரு டாக்டரிடம் போனேன். நல்ல மனிதர். கால் வலியா, இடுப்பு வலியா என்று கேட்டுவிட்டு, "மரத்துப்போகுதா?" என்றார்.

"இல்ல சார்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. எனக்கு மரத்துப்போகவில்லை. எனக்கு ஓட்டம் இருந்தது. அவர் இடுப்புக்குப் படம் எடுத்து, தேய்மானம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். மாத்திரையைத் தின்றுகொண்டு, ஏசி ரூமில் மேலும் சில வாரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரங்களை நான் மாஸ்டர் கணக்கில்தான் எழுதுவேன்.

ஆடி பிறந்தபோது சட்டைப் பித்தானை என்னால் போட முடியவில்லை. வாணி வந்து போட்டுவிட்டாள். சோறு பிசைந்தால் விரலிடுக்கில் வழிந்தது. ஒரு மதியம் கொதிக்கும் ரசத்தில் விரலை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன்; தோல் வெந்து சிவந்ததை அவள்தான் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்துப் பச்சைத் தண்ணீரில் வைத்தாள். அன்று இரவு சாப்பாட்டில் எனக்கு ஒரு ஸ்பூன் வைத்திருந்தாள். தனக்கும் ஒன்று. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் ஸ்பூனால் சோறு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. "கைல சாப்புட்டு அலுத்துப்போச்சு" என்றாள்.

மறுநாளே வேலூர். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்; வேலூர் போகிறேன் என்றால் முகம் மாறி, கூட யார் வருகிறார்கள் என்று கேட்பார்கள். காத்திருக்கும் கூடத்தில் வங்காளத்துக் குடும்பங்கள் ஃபைலை மடியில் வைத்துத் தூங்கின. திமிரியிலிருந்து வந்த ஒரு விவசாயி தன் மாட்டைப் பற்றி என்னிடம் விசாரப்பட்டார். தன் கட்டியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இரைச்சலுக்கு மேலே டோக்கன் எண்ணை வாசிக்கும் குரல். நாற்காலியிலிருந்து எழும்போது என் கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் எழ வேண்டியிருந்தது.

நரம்பு டாக்டர் ஒரு பெண். கண்ணாடி போட்டவர், அவசரமில்லாதவர்.

"எப்பேர்ந்து?"

"ஆனிலேர்ந்து மேடம். விழுந்தேன்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்லையா? மரத்துப்போறது, எரிச்சல்?"

"இல்ல."

வாணி பொறுமை இழந்தாள். "மேடம், இவருக்குச் சூடு தெரியல. ரசத்துல கைய வேக வெச்சிட்டாரு. கேட்டா ஓட்டம் ஓட்டம்ங்கறாரு."

"இன்னா ஓட்டம்?"

நான் விளக்கினேன். என் குரலிலேயே ஒரு பெருமை இருந்ததாக வாணி பிறகு சொன்னாள். டாக்டர் முழுவதும் கேட்டு எழுதிக்கொண்டார். படுக்கச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். ஊசி முனையால் தொடுவேன், தெரியும்போது சொல்லுங்கள் என்றார்.

"இப்போ?"

"தெரியுது."

"இப்போ?"

"தெரியுது. மேல ஏறுது."

அடுத்து சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "இப்போ?" என்றார். "ஆமா, நல்லா" என்றேன். பக்கத்தில் வாணி மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். டாக்டரின் இரண்டு கைகளும் அவருடைய மடியில் இருந்தன. என் காலில் புதிதாக இரண்டு மூன்று சிவப்புப் புள்ளிகள். அவர் குத்தியபோது நான் மௌனமாக இருந்திருக்கிறேன். தொடாதபோது தெரிகிறது என்றிருக்கிறேன்.

மாதக்கணக்காக நான் பழகிய வித்தை இதுதான். இல்லாததை உணர்வது, இருப்பதை உணராமல் போவது.

தட்டினால் அதிரும் இரும்புக் கவை ஒன்றை என் கணுக்கால் எலும்பில் வைத்தார், அதிர்வு தெரியவில்லை. சிறு சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தசைநாரைத் தட்டினார்; பாதம் துள்ள வேண்டும், கல்லாக இருந்தது. கால் கட்டை விரலை மேலும் கீழும் அசைத்து எந்தப் பக்கம் என்று கேட்டார். ஊகித்துச் சொன்னேன், தவறாக. பிறகு எழுந்து நடக்கச் சொன்னார். செருப்பைப் போட்டுக்கொண்டு குனிந்து பட்டையை மாட்டினேன்.

"செருப்பு நழுவுதா உங்களுக்கு?"

"நழுவும். அதான் பட்டை."

"நல்லா இருக்கே. எங்க வாங்கினீங்க?"

"நானே தெச்சது மேடம். எங்க டேபிள்ல எல்லாருக்கும் போட்டுக் குடுத்திருக்கேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாருக்கும்னா?"

நான் பெயர்களைச் சொல்லத் தொடங்கினேன். நஸீமா, அவள் பக்கத்தில் உட்காருபவள், அதற்கும் பக்கத்தில்... பாதியில் நின்றேன். நான் சொல்லிக்கொண்டிருந்தது பட்டை வாங்கியவர்களின் பெயரா, ஓட்டம் வந்தவர்களின் பெயரா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் ஒரே பெயர்கள். ஒரே மேஜை.

"அந்த டேபிள்ல இன்னா வேலை?" என்று கேட்டார். சொல்யூஷன் என்றேன். ஜன்னல் உண்டா என்றார். இருந்தது என்றேன்.

உடனே முடிவு சொல்லிவிடவில்லை. வார்டில் சேர்த்தார்கள். இதே மாதிரி கைகாலைப் பிடிக்கும் வேறு நோய்கள் பல உண்டு. சர்க்கரை, ஒரு வைட்டமின் குறைவு, தைராய்டு, உடம்பு தன் நரம்பையே தாக்கும் நோய். ஒவ்வொன்றையும் விலக்க வேண்டும். ரத்தம் எடுத்தார்கள். முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கருவில் இருக்கும் குழந்தைபோல் சுருண்டு படுக்க வேண்டும், வாணி என் தலையைப் பிடித்துக்கொண்டாள். நரம்பு ஓட்டச் சோதனை என்று ஒன்று. கை காலில் சிறு மின்சாரம் கொடுத்து, நரம்பு வழியாக அது எவ்வளவு வேகமாக, எவ்வளவு வலுவாகப் போகிறது என்று திரையில் பார்ப்பது. சுளீர் சுளீரென்று உடம்பு துள்ளும். உள்ளங்கால் பக்கம் கொடுத்தபோது திரையில் கோடு அசையாமல் நேராகப் போனது. அந்தச் சோதனையின் பெயரிலும் ஓட்டம் என்ற சொல் இருப்பதைக் கவனித்தேன். இது நிஜமான ஓட்டம், அது என்னிடம் இல்லை.

பயம் பகலில் வராது. விளக்கணைத்த பிறகு, கட்டிலுக்குக் கீழே வரிசையாகக் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பேன். இரண்டுக்கும் நடுவில் கம்பளி இருப்பதுபோல் இருக்கும். இனிமேல் தோலைத் தொட்டு ஒன்றும் சொல்ல முடியாவிட்டால் நான் யார்? கேட்டில் உட்காரும் வாட்ச்மேன்கூட ஆக முடியாது, சாவியைப் பிடிக்க வராது. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த வாணி, நான் தூங்கவில்லை என்று தெரிந்து, கட்டில் விளிம்பைத் தட்டி, "ஏங்க, நம்ம தெருவுக்குக் குழாய் எப்ப வந்துச்சு?" என்பாள். நான் தேதி சொல்வேன். "கரண்டு?" என்பாள். அதையும் சொல்வேன். அப்படியே தூங்கிவிடுவேன்.

முடிவு வந்த அன்று டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து பேசினார். பசையையும் தின்னரையும் இளக்கமாக வைக்கும் சரக்குகளில் ஹெக்ஸேன் என்று ஒன்று. காற்றோட்டம் இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் அதைச் சுவாசித்தால் உடம்புக்குள் போய் நரம்பைக் கெடுக்கும். நீளமான நரம்புகள் முதலில் கெடும், அதுவும் கடைசி நுனியிலிருந்து. அதனால்தான் பாதம் முதலில், பிறகு கை. சாக்ஸும் கையுறையும் போட்டதுபோல் மரத்துப்போகும்.

"மருந்து?"

"தனியா மருந்து இல்ல. அந்த டேபிளை விட்டு எழுந்துக்கறதுதான் மருந்து. நரம்பு மெதுவா வளரும். ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. வேலையை நிறுத்தினப்புறமும் கொஞ்ச நாள் இது கூடத்தான் செய்யும். நடக்கறது இன்னும் கஷ்டமாகும். பயப்படாதீங்க, அப்புறம் திரும்பும்."

"கை முழுசா வருமா?"

"முழுசான்னு நான் சொல்ல மாட்டேன். வரும்."

அந்தப் பதிலுக்காக அவரை நான் மதிக்கிறேன். மாஸ்டர் ஒருநாளும் 'தெரியாது' என்று சொன்னதில்லை.

அந்த மாஸ்டரே வந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில், இளநீர் இரண்டோடு, அதே வெள்ளைச் சட்டையில். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சோதனை ரிப்போர்ட்டைத் தள்ளிவைத்தார்.

"டாக்டருங்க கருவியில தெரியறதை மட்டும்தான் நம்புவாங்க. இது கழிவு வெளியேற்றம். ஓட்டம் பெருசா வரும்போது பழைய பாதை உடையும். பாதியில விட்டா ஆபத்து." என் கால்களுக்கு மேலே, தொடாமல், இரண்டு கைகளையும் விரித்தார். சுற்றியிருந்த கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். "கண்ணை மூடுங்க. தெரியுதா?"

வெட்கமாக இருந்தது, ஆனால் தெரிந்தது. குறுகுறுவென்று ஏறியது.

"தெரியுது" என்றேன்.

அவர் வார்டைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"கைய எடுங்க மாஸ்டர். இப்பவும் தெரியுது. நீங்க வர்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுது, தூங்கறப்பவும் தெரியும். அதுக்குப் பேர்தான் வியாதி. மரத்துப்போவுதுன்னு அன்னிக்கே நஸீமா சொன்னா. வாயை மூட வெச்சீங்க."

"நெகட்டிவா பேசறீங்க சேகர்..."

வாணி இளநீரைத் தூக்கி அவர் கையில் வைத்தாள். "சீ" என்றாள். அவருக்குப் புரியட்டும் என்று மறுபடியும், நிறுத்தி, "சீ" என்றாள். எங்கள் வார்டிலேயே சேர்ந்திருந்த திமிரிக்காரர் தன் கட்டிலிலிருந்து உரக்கச் சிரித்தார். மாஸ்டர் போய்விட்டார். அன்றைக்கு அவர் மீது எனக்கு இருந்த வெறுப்பு இன்றும் குறையவில்லை. அவருக்குத் தெரியாது, அவரும் நம்பித்தான் செய்தார் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஒருத்தி வாய் திறந்து தன் உடம்பின் உண்மையைச் சொன்னாள். அவர் அதைத் திருத்தினார். தெரியாதவன் திருத்தக் கூடாது.

நஸீமாவுக்குப் போன் செய்தேன். அவள் எடுத்ததும் கோபமாகத்தான் பேசினாள்.

"மாஸ்டரை அவமானம் பண்ணி அனுப்பிட்டீங்களாமே. இன்னாண்ணே இது?"

"நஸீமா, அந்த டேபிளை விட்டு எழுந்துரு. உனக்கும் இதே வியாதி."

"எனக்கு ஒண்ணும் இல்ல. ஓட்டம் முட்டி வரைக்கும் வந்துட்ச்சு."

வீடு திரும்பிய பிறகு, டாக்டர் சொன்னபடியே, எனக்கு மோசமானது. கைத்தடியிலிருந்து வாக்கருக்கு வந்தேன். மாஸ்டர் அதை வகுப்பில் உதாரணமாகச் சொல்லியிருக்கிறார். நஸீமாவே போனில் சொன்னாள். "கிளாஸ்ல இருந்த வரைக்கும் நடந்தீங்க. விட்டீங்க, விழுந்துட்டீங்க. மாஸ்டர் சொன்ன மாதிரியே ஆச்சு பாருங்க." அவளோடு எப்படி வாதாடுவது? நாள்வரிசை அவள் பக்கம் இருந்தது. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் முதலாவதால்தான் இரண்டாவது வந்தது என்று நம்புவது எளிது; நானும் அப்படித்தானே ஏசியை விட்டுவிட்டு வகுப்பைப் பிடித்துக்கொண்டேன்!

டாக்டர் கொடுத்த கடிதத்தைக் கம்பெனிக்கு அனுப்பினேன். ஜன்னலைத் திறந்தார்கள். நோய்க்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்றும் எழுதினார்கள். ஏன் திறந்தார்கள் என்று எழுதவில்லை. மாஸ்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கேயும் பேஸ்டிங் பிரிவு உண்டு. அங்கேயும் சிலர் சீக்கிரம் முன்னேறுவார்கள். இப்போது நான் அந்தக் கம்பெனி வாசலுக்குப் போய், ஷிப்ட் விட்டு வருபவர்களிடம் ஓட்டத்தைப் பற்றி எதுவும் பேசாமல், செருப்பு நழுவுகிறதா என்று மட்டும் கேட்கிறேன். சிலர் நிற்கிறார்கள்.

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது நஸீமாதான்.

ஆவணியில் வேலூருக்கு மறுபரிசோதனைக்குக் கிளம்பும்போது அவளுக்குக் கடைசி முயற்சியாக ஒரு போன் செய்தேன். நோய் என்ற சொல்லை எடுக்கவில்லை. "உன் செருப்பைக் கொண்டா. பட்டை லூஸாயிருக்கும், மாத்தித் தர்றேன்" என்றேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். வந்தவளை, எனக்குத் துணையாகத் தான் ஒருத்தி போதாது என்று சொல்லி, வாணி கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள். வழி முழுக்க நஸீமா முறைத்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் என்னைப் பார்த்து முடித்ததும் அவளைப் பார்த்தார். "நீங்கதான் முதல்ல பட்டை கேட்டவங்களா? மாடல் நல்லா இருக்கு. கொஞ்சம் பட்டையை அவுத்துட்டு நடந்து காட்டுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்."

"சும்மா, கதவு வரைக்கும்."

நஸீமா குனிந்து இரண்டு பட்டைகளையும் கழற்றினாள். நிமிர்ந்தாள். லீடர் நடப்பதுபோல் தலையைத் தூக்கி, நேராகக் கதவைப் பார்த்து நடந்தாள். நாலாவது எட்டிலோ ஐந்தாவதிலோ இடது செருப்பு கழன்று தரையில் தங்கிவிட்டது. அவள் நிற்கவில்லை. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறும் தரையுமாகக் கதவு வரை போய், கைப்பிடியைத் தொட்டு, "பாத்தீங்களா?" என்று திரும்பினாள்.

நாங்கள் மூன்று பேரும் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளும் பார்த்தாள். அறையின் நடுவில் செருப்பு. பிறகு தன் வெறுங்கால். அந்தக் காலைத் தூக்கி மறுபடியும் தரையில் வைத்துப் பார்த்தாள், வேறு யாருடைய காலையோ சோதிப்பவள்போல்.

"சேகரண்ணே" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "இது எப்ப கழண்டுச்சு?"

ஊரில் எல்லோருக்கும் தேதி சொல்பவன் நான். பங்குனியா, சித்திரையா என்று எண்ணியபடி, வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய் அந்தச் செருப்பை எடுத்தேன்.